கடந்தை கடல் கடந்த கதை

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள்.

மார்த்தாண்டத்துக்காரர்களுக்குத் தேனீயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1910-களில் நியூட்டன் பாதிரியார் தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். நியூட்டன் பெட்டி என்று நாம் சொல்வது அவர் பெயரால்தான். 1924-ல் ஸ்பென்சர் ஹாட்ச் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இங்கே கிராமப் புனரமைப்பு மையம் தொடங்கி, ஏழை விவசாயிகளுக்கு உபதொழிலாகத் தேனீ வளர்ப்பையும் சொல்லிக்கொடுத்தார். 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தேனீ இருக்கும் இடத்தில் கடந்தையும் இருக்கும். மற்ற மாவட்டங்களில் கதண்டு என்பார்கள். பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அது பழைய எதிரி. ஆனால் நம்முடைய அடுக்குத் தேனீக்கு அதைச் சமாளிக்கத் தெரியும். வாசலுக்கு வரும் கடந்தையை நூற்றுக்கணக்கான தேனீக்கள் பந்து போல மூடிக்கொள்ளும். சிறகுத் தசைகளை அதிரவைத்து உள்ளே 46, 47 டிகிரி வரை சூடேற்றும். அந்தச் சூட்டில் கடந்தை செத்துவிடும். தேனீ அதைவிடச் சற்று அதிகமான சூட்டையும் தாங்கும். பல ஆயிரம் ஆண்டுகள் ஒரே காட்டில் சேர்ந்து வாழ்ந்ததில் வந்த படிப்பு இது.

அந்தப் படிப்பு இல்லாத ஊருக்குக் கடந்தை போனால் என்ன ஆகும்? பிரான்சில் நடந்ததைப் பாருங்கள்.

வெஸ்பா வெலூட்டினா என்பது ஆசியக் கடந்தை. இமயமலைப் பகுதியிலிருந்து சீனா, இந்தோனேசியா வரை அதன் சொந்த ஊர். ஜாவாவில் கிடைத்ததை வைத்து 1836-ல் லெப்பெலத்தியே என்ற பிரெஞ்சு அறிஞர் பெயர் சூட்டினார். 2004-ல் அது பிரான்சின் தென்மேற்கே, லோ-எ-கரோன் பகுதியில் தென்பட்டது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த மண்பாண்டங்களோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். குளிர்காலத்தில் கடந்தைக் கூட்டில் எல்லாம் செத்துப்போகும். கருவுற்ற ராணிகள் மட்டும் ஏதாவது இடுக்கில் உறங்கிக் கிடக்கும். ஒரு பானைக்குள் ஒரு ராணி போதும். பின்னால் மரபணுவை ஆராய்ந்தபோது, ஐரோப்பாவில் உள்ள இந்தக் கடந்தைகள் எல்லாம் ஒரே ராணியின் வழிவந்தவையாக இருக்கக்கூடும் என்றே தெரிந்தது.

இது இன்ன பூச்சி என்று அடையாளம் கண்டு ழான் அக்சேரும் உடன் இருந்தவர்களும் பிரெஞ்சுப் பூச்சியியல் சங்க இதழில் எழுதியது 2006-ல். அதற்குள் அது பல மாவட்டங்களில் கூடு கட்டிவிட்டது. 2010-ல் ஸ்பெயின், 2011-ல் போர்ச்சுகல், பெல்ஜியம், அடுத்து இத்தாலி, ஜெர்மனி. 2016-ல் பிரிட்டனில் டெட்பரி என்ற ஊரில் முதல் கூடு. அங்கே 2023-ல் மட்டும் 72 கூடுகளை அழித்தார்கள். ஐரோப்பியத் தேனீக்கு, அதாவது நாம் இத்தாலியத் தேனீ என்று சொல்வதற்கு, அந்தச் சூட்டு வித்தை சரியாகக் கைவராது. கடந்தை வாசலில் பறந்து காவல் நின்றால் தேனீக்கள் வெளியே போகப் பயந்து உள்ளேயே இருந்துவிடும். இரை சேராமல் குடும்பமே நலிந்துபோகும்.

இனி அமெரிக்கா. 2019 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில், பிளெய்ன் என்ற ஊரில், ஒருவர் தன் வீட்டு வாசலில் ஒரு பெரிய கடந்தை செத்துக் கிடப்பதைப் பார்த்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். அது உலகிலேயே பெரிய கடந்தையான வெஸ்பா மாண்டரினியா. மறுவருடம் உயிரோடு சில கடந்தைகளைப் பிடித்து, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் சின்ன ரேடியோ கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு, பின்தொடர்ந்து மரப்பொந்தில் இருந்த கூட்டைக் கண்டுபிடித்தார்கள். 2021-ல் இன்னும் மூன்று கூடுகள். அதன்பிறகு ஒன்றும் தென்படாததால், ஒழித்துவிட்டோம் என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள்.

பிரான்சில் பரவியது, வாஷிங்டனில் ஒழிந்தது. பூச்சியும் வேறு, நிலமும் வேறுதான். ஆனால் வாஷிங்டனில் கூடுகள் பெருகுமுன்பே ஆளைக் கண்டுகொண்டார்கள். அதைத் தொடங்கிவைத்தது ஒரு சாதாரண மனிதரின் கண். 2023-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஆசியக் கடந்தை வந்ததையும் ஒரு தேனீ வளர்ப்பவர்தான் முதலில் தெரிவித்தார்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வாஷிங்டன் செய்தி பரவியதும், அமெரிக்காவில் பலர் பயந்துபோய் அந்த ஊருக்கே சொந்தமான குளவிகளையும் வண்டுத் தேனீக்களையும் அடித்துக் கொன்றார்கள். தப்பாக அடையாளம் கண்டால் நல்லதும் சேர்ந்து சாகும்.

நம்மூரில் காணப்படும் வெஸ்பா டிராபிகா என்ற கடந்தையும் இப்படிப் பயணம் போயிருக்கிறது. 2016-ல் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவில் அதைக் கண்டார்கள். இங்கே நம் கண்ணுக்குப் பழகிய அதே பூச்சி, அங்கே அழையாத விருந்தாளி. பூச்சியில் குற்றமில்லை, இடம் மாறியதுதான் குற்றம்.

வெளியிலிருந்து வந்த ஒன்று என்ன செய்யும் என்பது நமக்கும் தெரியும். 1991, 92-ல் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியபோது புழுக்கள் பை போல ஊதிச் செத்தன. குமரி மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் காலியானது. நாற்பது வயது தாண்டிய பிள்ளைகளுக்கு, தோட்டத்தில் வெறும் பெட்டிகள் கிடந்தது நினைவிருக்கும்.

ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் சொந்தக் கடந்தை பெரியது. மார்பு செம்பழுப்பு, வயிறு பெரும்பாலும் மஞ்சள், கால் பழுப்பு. வந்தேறிய ஆசியக் கடந்தை சற்றுச் சிறியது; மார்பு கறுப்பு, வயிற்றின் பின்பகுதியில் ஒரே ஒரு அகலமான ஆரஞ்சுப் பட்டை, கால் நுனி மஞ்சள். பார்த்தால் அடிக்காதீர்கள், கூட்டின் பக்கம் போகாதீர்கள். படம் எடுத்து அந்நாட்டு அரசுக்கு அனுப்புங்கள். பிரிட்டனில் இதற்கென்றே 'ஏஷியன் ஹார்னெட் வாட்ச்' என்ற செயலி இருக்கிறது.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். பேரப்பிள்ளைகளுக்கு நம் வீட்டைச் சுற்றியுள்ள தேனீ, குளவி, கடந்தையை எட்ட நின்று காட்டி, பெயர் சொல்லிக்கொடுங்கள். சொந்த ஊர்க்காரரைத் தெரிந்தவருக்குத்தான் அந்நியர் வந்தால் தெரியும்.

உங்கள் வீட்டுப் பக்கம் கடந்தையை என்ன பெயரில் சொல்வீர்கள்? கீழே எழுதுங்கள், மக்களே.