கடனுக்கு முன் விற்பனை: வியாபார நூல்கள் வன்னிக்குச் சொல்வது என்ன?

ஒடியல் மா, முருங்கையிலைத் தூள், மிக்சர், தயிர், பனையோலைப் பெட்டி என எதைச் செய்யத் தொடங்கினாலும் எமது பகுதியில் முதலில் எழும் கேள்வி, "எங்கே கடன் எடுக்கலாம்?" என்பதுதான். சிறு உற்பத்தியை வளர்ப்பது பற்றி உலகம் முழுவதும் பேசப்படும் நூல்கள் சிலவற்றை இந்தக் கேள்வியோடுதான் நான் வாசித்தேன். அவை பெரும்பாலும் அந்தக் கேள்வியில் தொடங்குவதில்லை. முதலில் யார் வாங்குவார்கள் என்று கேட்கின்றன.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "விரைவாகத் தோற்றுவிடு, அடுத்ததைத் தொடங்கு" என்ற அமெரிக்க அறிவுரை, தோற்றால் வேறு வேலைக்குப் போகக் கூடியவர்களுக்கானது. போருக்குப் பின் மிஞ்சிய இரண்டு காப்பை அடகு வைத்துத் தொழில் தொடங்கிய ஒரு தாய்க்கு அது பொருந்தாது. எனவே இந்த நூல்களில் எமக்கு உதவுவதை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது.

எமக்கு மிக நெருக்கமான உதாரணம் அமெரிக்காவில் இல்லை, கடலூரில் இருக்கிறது. சி.கே.ரங்கநாதன் 1983 இல், குடும்பத் தொழிலை விட்டு வெளியேறி, 15,000 இந்திய ரூபாயுடன் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். பெரிய போத்தலில் வாங்க முடியாதவருக்குச் சிறு பையில் விற்கும் யோசனை அவரது தந்தை சின்னி கிருஷ்ணனுடையது. தந்தையின் பெயரிலிருந்துதான் 'சிக்' என்ற பெயரும் வந்தது. ஷாம்பு போட்டே பழகாத கிராமங்களுக்குப் போய், பலர் முன்னிலையில் சிறுவர்களின் தலையைக் கழுவிக் காட்டினார்கள். பிறகு, எந்த நிறுவனத்தின் வெற்றுப் பைகளையும் கொண்டுவந்தால் ஒரு சிக் பை இலவசம் என்றார்கள். சில காலத்தில், சிக் பைகளுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாவாக இருந்த விற்பனை 12 இலட்சம் ரூபாவானதாக அவரே நேர்காணலில் கூறியிருக்கிறார். இன்று அது கெவின்கேர் என்ற பெரிய நிறுவனம்.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத பகுதி கடன் பற்றியது. ஈடு வைக்க எதுவும் இல்லாததால் முதலாவது வங்கிக் கடன் கிடைக்க அவருக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. கிடைத்தது 25,000 ரூபா. ஈடு இல்லாவிட்டாலும் இந்தச் சிறு தொழில் வருமான வரி கட்டுகிறது என்பதை வங்கி முகாமையாளர் விண்ணப்பத்தில் குறித்திருந்தாராம். அதாவது விற்பனையும் கணக்கும் முதலில் வந்தன, கடன் அவற்றின் பின்னால் வந்தது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவதையும், ஒரு கொப்பியில் நாளாந்த வரவு செலவு எழுதுவதையும் வீண் வேலை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வாங்குவார்களா என்று எப்படி அறிவது? றொப் பிற்ஸ்பற்றிக் 2013 இல் எழுதிய 'த மம் டெஸ்ட்' என்ற சிறு நூல் இதற்காகவே எழுதப்பட்டது. உங்கள் யோசனை எப்படி என்று அம்மாவிடம் கேட்டால், அன்பினால் பொய் சொல்வார். ஆகவே யோசனையைப் பற்றிக் கேட்காதீர்கள், அவர்கள் ஏற்கெனவே என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள் என்கிறது. "என்ர மிக்சர் எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லாயிருக்கு" என்பார்கள். "போன கிழமை என்ன மிக்சர் வாங்கினீங்கள், எங்க, என்ன விலைக்கு?" என்று கேட்டால் உண்மை வரும். ரொறன்ரோவிலிருந்து சித்தி இருபது பக்கற் எடுத்தால் அது பாசம். அவர் இரண்டாம் தடவையும் கேட்டால்தான் அது சந்தை.

எரிக் ரீஸின் 'த லீன் ஸ்ரார்ட்அப்' 2011 இல் வெளிவந்தது. அதில் சப்பாத்துக் கடை ஒன்றின் கதை வருகிறது. 1999 இல் 'சப்போஸ்' நிறுவனத்தைத் தொடங்கியவர் சப்பாத்துகளை வாங்கிக் குவிக்கவில்லை. ஊர்க் கடைகளில் இருந்தவற்றைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். ஓடர் வந்த பின்னரே கடையில் வாங்கி அனுப்பினார். வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்து கொடுப்பதும் இதே வழிதான். அரைக்கும் மெசின் பிறகு வரட்டும்.

இனிக் காசுக்கு வருவோம். இலங்கையிலேயே நடந்த ஓர் ஆய்வு இங்கே முக்கியம். 2005 இல் சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்தோபர் வூட்றஃப் ஆகியோர் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறு தொழிலாளர்களில் குலுக்கலில் தெரிவானவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான உதவியைக் கடனாக அல்லாமல் கொடையாகக் கொடுத்தார்கள். சராசரியாக அந்த முதல் மாதம் ஏறத்தாழ 5 வீத வருமானம் தந்தது. ஆனால் பெண்களின் தொழில்களில் சராசரியாக எந்த உயர்வும் தெரியவில்லை. பெண்களால் முடியாது என்று இதை வாசிக்கக் கூடாது. வேறு ஆய்வாளர்கள் இலங்கை, இந்தியா, கானாத் தரவுகளை மீண்டும் பார்த்து 2019 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வீட்டில் வேறு தொழிலும் இருந்தால் பெண்ணுக்கு வந்த முதல் அங்கே போய்விடுகிறது. வீட்டின் ஒரே தொழிலை அந்தப் பெண்ணே நடத்தும்போது இலாபம் நன்றாக உயர்ந்திருக்கிறது. பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் நிறைந்த எமது மண்ணுக்கு இது பெரிய செய்தி.

அந்தக் காசு கொடை. நுண்நிதிக் கடனோ எடுத்த அடுத்த கிழமையே தவணை கேட்கும். கணக்குக்காக ஓர் உதாரணம். ஒரு பக்கற் செய்ய 150 ரூபா செலவு, கடைக்கு 200 ரூபா. கிழமைக்கு 100 பக்கற், இலாபம் 5,000. கடைக்காரர் நாலு கிழமை கழித்துத்தான் காசு தருவார் என்றால், முதல் காசு கைக்கு வருமுன் 60,000 ரூபா வெளியே நிற்கும். அதற்கிடையில் நாலு தவணைகள் கட்டியாக வேண்டும். வியாபாரம் இரட்டித்தால் 1,20,000 ரூபா வெளியே நிற்கும். இலாபமுள்ள தொழில்தான், ஆனாலும் கையில் காசில்லை. தவணைக்காக இன்னொரு கடன் எடுப்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதே பக்கற்றை 185 ரூபாவுக்குக் கைக்காசுக்குக் கொடுத்தால் இலாபம் கிழமைக்கு 3,500 தான். ஆனால் 15,000 ரூபா முதலே சுழன்றுகொண்டிருக்கும். கடனில்லாமல் வளர விரும்புகிறவர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் முடிவு.

தவணை தொடங்கும் காலமும் முக்கியம். கொல்கத்தாவில் சில பெண்களுக்கு முதல் தவணைக்கு முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தொழிலில் கூடுதலாக முதலிட்டார்கள், மூன்று ஆண்டுகளின் பின் இலாபமும் கூடியிருந்தது. தவணை தவறியோரும் கூடினர், அதனால்தான் நிறுவனங்கள் அவகாசம் தரத் தயங்குகின்றன. இங்கே இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது.

கடைசியாக, மைக்கல் கேர்பரின் 'த ஈ-மித் ரிவிசிற்றட்'. அதில் நல்ல பை சுடத் தெரிந்த ஒரு பெண் கடை திறந்து, விடியமுன் தொடங்கி இரவுவரை தானே எல்லாம் செய்து களைத்துப் போகிறார். செய்முறையை இன்னொருவர் பார்த்துச் செய்யும்படி எழுதி வைக்கச் சொல்கிறார் கேர்பர். எத்தனை கிராம் உப்பு, எத்தனை நிமிடம் வறுப்பது, எந்தக் கடை எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்தால், அவருக்கு ஒரு கிழமை டெங்குக் காய்ச்சல் வந்தாலே உற்பத்தி நின்றுவிடும், தவணை நிற்காது.