மேய்ப்பர் இல்லாத 30 ஆண்டுகள்



எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ரயேல் மக்கள் உடனே கானான் நாட்டுக்குள் நுழைந்துவிடவில்லை. இடையில் 40 ஆண்டுகள் பாலைநிலம் இருந்தது. விவிலியம் அந்த இடைக்காலத்தைச் சில வரிகளில் சொல்லி முடித்துவிடாமல், விடுதலைப் பயணம், எண்ணிக்கை, இணைச்சட்டம் என்று நூல் நூலாக விரித்துச் சொல்கிறது. பழையது கைவிட்டுப் போய்விட்டது; புதியது இன்னும் வந்து சேரவில்லை. அந்தக் காலத்தில்தான் மக்கள் கடவுளுக்கு எதிராக அதிகம் முறுமுறுத்தார்கள். அவர் நாள்தோறும் உணவளிப்பவர் என்பதைக் கற்றுக்கொண்டதும் அதே காலத்தில்தான்.

இத்தகைய ஒரு பாலைநிலத்தை இலங்கைத் திருஅவையும் கடந்து வந்தது. ஜனவரி 16-ஆம் நாள் நாம் விழா கொண்டாடும் புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் வாழ்வோடு பின்னிப் பிணைந்த வரலாறு அது.

போர்த்துக்கீசியர் ஆட்சியில் இலங்கையின் கரையோரக் கத்தோலிக்கர்களுக்குக் கோவில்களும் குருக்களும் பள்ளிகளும் இருந்தன. பின்னர் ஒல்லாந்தர் வந்தார்கள். 1656-இல் கொழும்பும், 1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குச் சென்றன. கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்குக் கடுந்தண்டனை என்று ஆணை பிறந்தது. யாழ்ப்பாணத்துக் கோவில்கள் சீர்திருத்த சபையின் வழிபாட்டு இடங்களாகவும் பள்ளிகளாகவும் மாறின. திருமணம் பதிவாக வேண்டுமா, அரசு உத்தியோகம் கிடைக்க வேண்டுமா, அந்தச் சபையின் ஏட்டில் பெயர் இருக்க வேண்டும் என்ற நிலை உருவானது.

அதன்பின் ஏறக்குறைய 30 ஆண்டுகள், அந்த மக்களிடையே நிலையாகத் தங்கிப் பணியாற்றக் குரு எவரும் இல்லை. நேயர்களே, 30 ஆண்டுகள் என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்கள். 1658-இல் பிறந்த ஒரு பெண் குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தன் பிள்ளைகளுக்கு செபம் சொல்லிக்கொடுக்கும் வயதுக்கு வந்திருப்பாள். அதுவரை ஒரு திருப்பலியைக்கூட அவள் கண்டிருக்க மாட்டாள். ஒப்புரவு அருளடையாளம் இல்லை. சாகும் தறுவாயில் நோயில்பூசுதல் இல்லை. இந்த நிலை எப்போது முடியும் என்று சொல்லவும் ஆளில்லை.

எல்லாரும் வீரர்களாக இருந்தார்கள் என்று நாம் கதை சொல்ல வேண்டியதில்லை. பலர் வெளிக்குப் புதிய சபையில் பெயர் கொடுத்தார்கள். பிள்ளைகளின் பிழைப்புக்காக அப்படிச் செய்தவர்களைத் தீர்ப்பிட நாம் யார்? ஆனால் அவர்களில் பலருடைய வீடுகளில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. மாலையில் கதவைச் சாத்திவிட்டுச் செபமாலை சொன்னார்கள். தாய்மார் மனப்பாடமாக அறிந்த மந்திரங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தேவை நேரத்தில் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது திருஅவையின் போதனை. அந்தப் போதனை ஊர்ப் பெரியவர்களின் கையில் உயிரோடு இருந்தது. மாந்தையில் வாழ்ந்த சில கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் கோவிலிலிருந்த அன்னை மரியாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியாகச் சென்றதாக மரபு சொல்கிறது. அவர்கள் தங்கிய காட்டிடம்தான் இன்று நாம் திருப்பயணம் செல்லும் மடு.

கோவாவில் 1651-இல் பிறந்த யோசேவ் வாஸ், இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்விப்பட்டு, அங்கே போக ஆசைப்பட்டார். ஆனால் 1681-இல் அவர் அனுப்பப்பட்டது கன்னடக் கரையோரத்துக்கு. மறைப்பணி அதிகாரம் யாருக்கு உரியது என்ற பூசலுக்கிடையே மூன்று ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். கோவாவுக்குத் திரும்பியபின் உள்ளூர்க் குருக்கள் சிலரோடு சேர்ந்து, புனித பிலிப் நேரியின் வழியில் ஓர் ஒரத்தோரியன் குழுமமாக வாழத் தொடங்கினார். ஐரோப்பியத் துறவு சபைகள் நம் நாட்டவரைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. அவருடைய வாழ்வும் அப்போது ஓர் இடைக்காலமாகவே இருந்தது. 1686-இல் அவர் இலங்கைக்குப் புறப்பட்டார்.

இங்கேதான் இறைப்பராமரிப்பின் வழியைக் கவனிக்க வேண்டும். ஓர் ஐரோப்பியக் குரு கரையிறங்கியிருந்தால் அன்றே பிடிபட்டிருப்பார். நம் நிறமும் நம் சாயலும் கொண்ட இந்தக் குருவோ கூலியாள் வேடத்தில், யோவான் என்ற உதவியாளரோடு, 1687-இல் யாழ்ப்பாணத்துக்குள் நடந்தே போனார். தாழ்வாகக் கருதப்பட்ட அந்த நிறமே அவருக்குக் கதவாயிற்று.

ஆனால் யார் கத்தோலிக்கர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வாய்விட்டுக் கேட்க முடியாது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு எந்த முகம் மலர்கிறது என்று பார்த்தார். அவர் முதலில் கண்டுபிடித்தது அந்த முகங்களைத்தான். 30 ஆண்டுகள் தாய்மார் செபமாலையைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருந்தால், அவர் கழுத்தில் கிடந்த மணிகளை அடையாளம் காண யார் இருந்திருப்பார்கள்?

சில்லாலை ஊர் அவருக்கு இடம் கொடுத்தது. இரவில் திருப்பலி, பகலில் மறைவு. ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதும் புத்தளம் வழியாக 1692-இல் கண்டி அரசுக்குள் நுழைந்தார். அங்கே போர்த்துக்கீசிய ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறைவைத்தார்கள். அந்தக் காவலுக்குள்ளேயே அவர் செபித்தார், சிங்களம் கற்றார். அவருக்குப் பின்னால் எந்தப் படையும் இல்லை, எந்த அரசனும் இல்லை என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. பௌத்த அரசரான இரண்டாம் விமலதர்மசூரியர் அவருக்குப் பணியாற்ற உரிமை அளித்தார். 1697-இல் கண்டியில் அம்மை நோய் பரவி, வசதி உள்ளவர்கள் ஊரை விட்டு அகன்றபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைச் சமயம் பாராமல் அவரும் அவருடைய உறவினரான கர்வாலோ அடிகளாரும் கழுவித் துடைத்து, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள்.

அரச பாதுகாப்பை இழந்தபோது, திருஅவையே அழிந்துவிடும் என்று பலர் எண்ணியிருப்பார்கள். உண்மையில் இழந்தது ஒரு கவசத்தை. அந்தக் கவசம் போனபின், வாளோடு வராத நற்செய்தியை இலங்கை மக்கள் அருகில் கண்டார்கள்.

யோசேவ் வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். அன்றும் ஒல்லாந்தர் பகுதியில் தடை நீங்கியிருக்கவில்லை. பிற்காலத்தில் கண்டியிலிருந்தும் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீக்கப்பட்டது ஆங்கிலேயர் ஆட்சியில், 1806-இல். அவர் கண்மூடி 95 ஆண்டுகளுக்குப் பிறகு! மோசே மலைமேல் நின்று கானானைப் பார்க்கவாவது செய்தார். இவருக்கு அந்தக் காட்சியும் கிடைக்கவில்லை. ஆனாலும் நாடு திரும்பாமல் 24 ஆண்டுகள் அங்கேயே நிலைத்திருந்தார். 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்குச் சென்று செபித்தார்.

அன்பு நேயர்களே, நம்மில் சிலர் இன்று இத்தகைய இடைக்காலத்தில் இருக்கிறோம். வேலை போய், அடுத்தது அமையவில்லை. துணையை இழந்த வீட்டில் மாலைப்பொழுது நீளுகிறது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். ஊரை விட்டுப் பெயர்ந்து, புதிய பங்கில் யாரையும் தெரியாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறோம். 'இது எப்போது முடியும்?' என்று கேட்கிறோம். அந்தக் கேள்வி பாவமல்ல. திருப்பாடல்களிலும் அது திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

விடை கிடைக்கும்வரை நம் கையில் ஒரு வேலை இருக்கிறது. யாழ்ப்பாணத்து அந்தத் தாய் முடிவு தெரிந்துகொண்டு செபமாலை சொல்லவில்லை. இன்று மாலை சொல்ல வேண்டியதை இன்று மாலை சொன்னாள். கடவுளை நம்புவது பெரும்பாலும் அவ்வளவுதான். அவர் அனுப்புகிறவர் கூலியாள் வேடத்திலும் வரலாம். வரும்போது அடையாளம் காண, நம் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும்.

இறைவா, வழி தெரியாத நாள்களில் உம் கையை விடாதிருக்க எங்களுக்கு வரம் தாரும். புனித யோசேவ் வாஸே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.