புறவொலி வீடு புகுந்த வரலாறு: பல்தட ஒலிப்பதிவும் கிழக்கிலங்கை வாய்மொழி மரபும்

ஒலியைப் பதிவுசெய்யும் முறை தோன்றிய நாள்முதல் அதனோடு ஒரு வினாவும் தொடர்ந்து வந்துள்ளது. எவ்வொலி பதிவுபெறத் தக்கது, அதனைத் தீர்மானிப்பவர் யார் என்பதே அவ்வினாவாகும். 1877ஆம் ஆண்டில் எடிசன் ஆக்கிய போனோகிராப் ஒரே ஒரு கூம்பின் வழியாகவே ஒலியை ஏற்றது. 1902ஆம் ஆண்டில் கிராமபோன் நிறுவனத்தின் சார்பிற் கல்கத்தா வந்த பிரெட் கைஸ்பேர்க், இந்தியக் கலைஞரை அத்தகைய கூம்பின் முன் நிறுத்தியே பதிவுசெய்தார். கூம்புக்கு அண்மையில் நின்றவரது குரல் நிலைத்தது. அப்பால் நின்றவரது குரல் மறைந்தது. கருவியின் உரிமை நிறுவனத்திடம் இருந்தமையால், கூம்பின் முன் நிற்பவரைத் தெரியும் உரிமையும் அதனிடமே இருந்தது. அவ்வுரிமை படிப்படியாக வீட்டை வந்தடைந்தவாற்றையும், அது நமது பிரதேசத்துக்கு உணர்த்துவதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காந்த ஒலிநாடாவின் வருகை இவ்வரலாற்றின் முதற்றிருப்பமாகும். 1935ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி. நிறுவனம் பேர்லின் கண்காட்சியில் மக்னெற்றோபோன் என்னும் நாடாக்கருவியை முன்வைத்தது. உலகப்போரின் பின்னர் இத்தொழில்நுட்பம் அமெரிக்காவை அடைந்தது. அங்கு கித்தார்க் கலைஞரான லெஸ் போல், பாடகர் பிங் குறொஸ்பி வழங்கிய அம்பெக்ஸ் கருவியில் மேலதிகமாக ஒரு தலையைப் பொருத்தி, முன்பு பதிந்த ஒலியின்மீது புதிய ஒலியைச் சேர்த்தார். அவரும் மேரி போர்டும் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடலொன்றில் இருவர் ஒரு கூட்டமாக ஒலித்தனர். எனினும் இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. புதிதாகச் சேர்ப்பதில் ஒரு பிழை நேரின் முன்னர்ப் பதிந்தவை யாவும் அழிந்தன.

இக்குறையைத் தீர்த்தது தடங்களைப் பிரித்தலாகும். ஒரே நாடாவில் ஒன்றன்பக்கம் ஒன்றாகப் பல தடங்களை அமைத்தால் ஒவ்வோர் ஒலியும் தனக்குரிய இடத்தில் நிற்கும். ஆயின், பதியும் தலையும் ஒலிக்கும் தலையும் இடைவெளிவிட்டு அமைந்திருந்தமையால், பழைய தடத்தைக் கேட்டுப் பாடியவரது குரல் சற்றுப் பிந்தியே பதிவாயிற்று. பதியும் தலையையே பழைய தடத்தை ஒலிக்கவும் பயன்படுத்தி அம்பெக்ஸ் நிறுவனம் இதனைத் தீர்த்தது. 1957ஆம் ஆண்டில் அத்தகைய எட்டுத் தடக் கருவி லெஸ் போலின் இல்லத்தை அடைந்தது. வீடு ஒலிப்பதிவுக்கூடமாகியது, ஆயினும் அது செல்வரின் வீடாகவே இருந்தது.

1963ஆம் ஆண்டிற் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகஞ்செய்த கசற் அந்நிலையை மாற்றியது. 1979ஆம் ஆண்டில் யப்பானியத் தயாரிப்பான டஸ்காம் போட்டாஸ்ரூடியோ 144, சாதாரணக் கசற்றில் நான்கு தடங்களை ஒரே திசையில், வழமையினும் இருமடங்கு வேகத்திற் பதிந்தது. ஒலிக்கலவைக் கருவியும் அதனுள்ளேயே அடங்கியிருந்தது. 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் நியூ ஜேர்சியிலுள்ள தம் வீட்டில் இக்கருவியைக் கொண்டு பாடல்கள் சிலவற்றைப் பதிந்தார். பின்னர் பெருங்கூடத்தில் இசைக்குழுவோடு அவற்றை மீளப் பதிந்தும், வீட்டுப் பதிவின் உயிர் அதில் வாய்க்கவில்லை. ஈற்றில் அக்கசற்றே 'நெப்ராஸ்கா' என்னும் இசைத்தட்டாக வெளிவந்தது.

தடங்கள் வீடு வந்தமை போன்றே வாயில்கள் வீடு வந்தமையும் முக்கியமானதாகும். புறத்தேயுள்ள ஒலிமூலங்கள் யாவும் ஒரே வலிமை உடையனவல்ல. ஒலிவாங்கி தரும் மின்னழுத்தம் ஒரு சில மில்லிவோல்ற்று அளவினதே. வீட்டுக் கசற் கருவியின் வெளியீடோ ஏறத்தாழ 0.3 வோல்ற்று; தொழின்முறைக் கூடங்களில் அது ஏறத்தாழ 1.2 வோல்ற்று ஆகும். ஒலிவாங்கிக்குரிய வாயிலிற் கசற் கருவியைத் தொடுப்பின் ஒலி சிதையும். மாறித் தொடுப்பின் குரல் இரைச்சலில் அமிழும். கித்தாரின் காந்தச் சுருளுக்கு உயர்தடையுள்ள வாயில் வேண்டும். இசைத்தட்டின் ஊசிக்கோ அதற்கென அமைந்த முன்பெருக்கி தேவை. இரு கருவிகளின் புவித்தொடுப்புக்கள் வளையமாகச் சேர்ந்தால் மின்சாரத்தின் முரல்வு பதிவிற் புகுந்துவிடும். இன்று நாடாவின் இடத்தை நினைவக அட்டை பெற்றுவிட்டது. வாயில்களின் இவ்விலக்கணம் மாறவில்லை.

தமிழிசையிலும் இம்மாற்றத்தின் சுவட்டைக் காணலாம். நெடுங்காலமாகத் திரைப்பாடல்கள் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே வேளையிற் கூடிப் பாட, இசைக்கப் பதிவாயின. ஒருவர் தவறினால் அனைவரும் மீளத் தொடங்க நேர்ந்தது. 1989ஆம் ஆண்டில் ஏ. ஆர். ரஹ்மான் சென்னையிலுள்ள தம் இல்ல வளவிற் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். மின்னிசைக் கருவியின் ஒலி, ஒலிவாங்கியின் துணையின்றி நேரே தடத்திற் புகும் முறைக்கு அங்கு முதன்மை கிடைத்தது. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரோஜா'வின் இசை இவ்வீட்டுக்கூடத்தோடு பிணைந்ததாகும்.

இனி, கிழக்கிலங்கையை நோக்குவோம். திருச்சிலுவை ஆலயத்தாற் பெயர்பெற்ற சொறிக்கல்முனையும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் கல்முனை, மருதமுனை முதலிய ஊர்களும் உள்ள இப்பிரதேசம் வாய்மொழி மரபு வளம் மிக்கது. முஸ்லிம்களின் நாட்டார் கவியும் பொல்லடியும், கண்ணகி கோயில்களின் குளுத்திப் பாடலும், வசந்தன் ஆட்டமும், கத்தோலிக்கரின் தவக்கால ஒப்பாரியும் அருகருகே வாழ்ந்தவை. 1970களின் பிற்பகுதி தொடக்கம் மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோர் கொணர்ந்த வானொலிக் கசற் கருவிகள், இவ்வொலிகளைப் பதியும் வாய்ப்பை எளிய வீடுகளுக்கும் அளித்தன. அவ்வாய்ப்பும் முழுமையானதன்று. அக்கருவிகளில் உள்ளமைந்த ஒலிவாங்கி பொதுவாகத் தானியங்கி மட்டக் கட்டுப்பாட்டின்கீழ் இயங்கியது. பொல்லடியிற் கோல்கள் மோதும்போதெல்லாம் கருவி தன் செவியைத் தானே தாழ்த்திக்கொள்ள, அண்ணாவியாரின் குரலும் உடன் தாழ்ந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முந்திய கூம்பின் குறை வேறுருவில் மீண்டது எனலாம்.

பல்தடக் கருவி இதற்கு மருந்தாகும். ஆயினும் அதன் பயன்பாட்டில் விழிப்பு வேண்டும். திரையிசையிற்போல, முதலிற் கோலொலியையும் பின்னர்ப் பாடலையும் தனித்தனியே பதிதல் நாட்டார் கலைக்கு ஒவ்வாது. ஆடுவோரின் அடியைக் கண்டே அண்ணாவியார் பாட்டின் வேகத்தை மாற்றுகின்றார். அவர் குரலைக் கேட்டே ஆடுவோர் திரும்புகின்றனர். அவ்வுறவே அக்கலையின் உயிராகும். ஆகவே, அனைவரும் கூடி நிற்க, அண்ணாவியாருக்கு ஒன்றும் பாடி ஏற்போருக்கு ஒன்றும் கோலொலிக்கு ஒன்றுமாக ஒலிவாங்கிகளை வைத்து, ஒரே வேளையில் வெவ்வேறு தடங்களிற் பதிதலே தக்கது. கூடியிருத்தலும் தெளிவும் ஒருங்கே வாய்ப்பதற்கு வழி இதுவேயாம்.

இதனினும் விரைவாகச் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000இற்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கரையோர வீடுகளோடு அவ்வீடுகளிற் பேணப்பட்டவையும் கடலுட் சென்றன. எஞ்சிய கசற்றுக்களை ஈரமும் பூஞ்சணமும் அரிக்கின்றன. அவற்றை ஒலிபெருக்கியில் இயக்கிக் கைத்தொலைபேசியாற் பதிவது பலரது வழக்கம். அதனால் அறையின் எதிரொலியும் வீதியின் இரைச்சலும் மூத்தோர் குரலிற் கலக்கின்றன. கசற் கருவியின் தலையைத் துடைத்து, அதன் வெளியீட்டைக் கம்பிவழி நேரே பதிவுக் கருவியின் உரிய வாயிலிற் செலுத்தி, மட்டத்தைச் சற்றுத் தாழ்வாக அமைத்துப் பதிதலே முறையாகும். ஒவ்வொரு பதிவிலும் பாடியவர் பெயர், ஊர், பாடிய சந்தர்ப்பம் என்பனவும் அவரது குடும்பத்தினரின் சம்மதத்தோடு குறிக்கப்படல் வேண்டும்.

கைஸ்பேர்க்கின் காலத்தில் எக்குரல் நிலைக்கும் என்பதை நிறுவனம் தீர்மானித்தது. இன்று அத்தீர்மானம் நம் வீட்டு மேசைமீது வந்துள்ளது. கருவி இல்லையென்றோ, நிறுவனம் முன்வரவில்லையென்றோ நாம் இனிக் கூறல் இயலாது. ஒரு குரல் அழியுமாயின், அதற்கு வாயில் திறக்க நாம் தவறியதே காரணமாகும்.