யார் காரணம் சொல்ல வேண்டும்? ஸ்காட்லாந்தின் சமூக உணவுக் குழுக்களும் நிலச் சட்டங்களும் (1892–2022)

ஊருக்குள் காய்கறி பயிரிட நினைக்கும் எந்தக் குழுவுக்கும் நிலம்தான் முதல் சிக்கல். ஸ்காட்லாந்தில் அது கூடுதல் சிக்கல். அந்நாட்டில் தனியார் கையிலுள்ள கிராமப்புற நிலத்தில் பாதி வெறும் 432 உரிமையாளர்களிடம் குவிந்திருப்பதாக நிலச் சீர்திருத்த ஆய்வாளர்கள் 2013-இல் கணக்கிட்டார்கள். நகரங்களிலோ மூடிய ஆலைகளின் மனைகளும் உள்ளாட்சிக் கவுன்சில்களின் வெற்றிடங்களும் ஆண்டுக்கணக்கில் முள்வேலிக்குள் கிடந்தன. பயிரிட நிலம் கேட்டவர்கள் ஒரு காலத்தில் கவுன்சிலின் தயவை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். இன்று கவுன்சில் அவர்களுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். சமூக அதிகாரமளிப்புச் சட்டங்கள் யாருக்கும் நிலத்தை அள்ளிக் கொடுக்கவில்லை. விளக்கம் சொல்லும் சுமையை மனுதாரரின் தோளிலிருந்து எடுத்து அரசு அமைப்புகளின் தோளில் வைத்தன. அவற்றின் வலிமை அதில்தான் உள்ளது.

தொடக்கம் 1892. உழைக்கும் மக்களுக்குக் குறைந்த வாடகையில் தோட்டத் துண்டுகள் தர, ஸ்காட்லாந்தின் உள்ளாட்சிகளுக்கு அவ்வாண்டுச் சட்டம் வழிவகுத்தது. அலாட்மென்ட் என்று மக்கள் சொல்வது இத்துண்டுகளைத்தான். 1922-இலும் 1950-இலும் துணைச் சட்டங்கள் வந்தன. இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இன்னும் தெளிவாகப் பேசியது: ஆறு வாக்காளர்களோ வரி செலுத்துவோரோ எழுதிக் கொடுத்தால் உள்ளாட்சி அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். எத்தனை நாளுக்குள் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் உருளைக்கிழங்குப் பாத்திகளாயின. போர் ஓய்ந்ததும் அந்நிலங்களில் பெரும்பகுதி வீடுகளுக்கும் சாலைகளுக்கும் போயிற்று. நெருக்கடியில் அரசு தந்ததை நெருக்கடி தீர்ந்ததும் அரசே எடுத்துக்கொண்டபோது, தோட்டக்காரர்கள் பற்றிக்கொள்ளச் சட்டத்தில் உறுதியான பிடி இல்லை.

1950-க்குப் பிறகு இந்தத் துறையில் அறுபத்தைந்து ஆண்டுகள் பெரிய சட்டம் எதுவும் வரவில்லை. அந்த இடைவெளியில் குழுக்கள் தற்காலிக அனுமதியை நம்பியே வாழ்ந்தன. கிளாஸ்கோ நகராட்சி 2011-இல் தொடங்கிய ‘ஸ்டால்டு ஸ்பேசஸ்’ திட்டம் கட்டுமானம் நின்றுபோன மனைகளைச் சிலகாலம் தோட்டமாக்க உதவியது. எடின்பரோவின் ஃபவுண்டன்பிரிட்ஜில், பழைய மதுவடிப்பு ஆலை நின்ற பகுதியில், குரோவ் சமூகத் தோட்டம் முளைத்தது. அங்கே பாத்திகள் மண்ணில் வெட்டப்படவில்லை. சரக்கு ஏற்றும் மரப்பலகைத் தட்டுகளின் மேல் பெட்டிகளாக அடுக்கப்பட்டன. கட்டுமானக்காரர் வந்ததும் அப்படியே தூக்கி வேறிடத்தில் வைத்துவிடலாம். அந்த மக்களின் சாமர்த்தியம் போற்றத்தக்கது. ஆனால் இன்னும் எத்தனை நாள் இங்கிருப்போம் என்று தெரியாதவர்கள் கீரை போடுவார்கள், ஆப்பிள் மரம் நடமாட்டார்கள். மரம் காய்க்கச் சில ஆண்டுகளாவது பிடிக்கும்.

இதற்கிடையே நிலச் சீர்திருத்தம் வேறொரு தடத்தில் முன்னேறிக்கொண்டிருந்தது. 1997-இல் எய்க் தீவு மக்கள் நிதி திரட்டித் தங்கள் தீவையே வாங்கினார்கள். 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலம் விற்பனைக்கு வரும்போது முதலில் வாங்கும் உரிமையைக் கிராமச் சமூகங்களுக்கு அளித்தது. நகர மக்களுக்கு அதில் இடமில்லை. இந்த இரண்டு தடங்களும் ஒன்றுசேர்ந்த இடம்தான் 2015-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சமூக அதிகாரமளிப்புச் சட்டம். வாங்கும் உரிமையை நகரங்களுக்கு விரித்ததும், 1892 முதலான பழைய அலாட்மென்ட் சட்டங்களை நீக்கிப் புதிதாக எழுதியதும் இச்சட்டமே.

அலாட்மென்ட் பற்றிய அதன் ஒன்பதாம் பகுதி 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கேட்பவருக்கு 250 சதுர மீட்டர் துண்டைக் கேட்கும் உரிமை உண்டு. ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவைக்கு ஏற்றதென்று தலைமுறைகளாக வழங்கிவரும் அளவு அது. காத்திருப்போர் எண்ணிக்கை இருக்கும் துண்டுகளில் பாதியைத் தாண்டாதிருக்கவும், யாரும் ஐந்தாண்டுக்கு மேல் பட்டியலில் கிடக்காதிருக்கவும் கவுன்சில் நியாயமான நடவடிக்கைகள் எடுக்க வேண்டும். உபரி விளைச்சலை இலாப நோக்கின்றி விற்கலாம். ஒவ்வொரு கவுன்சிலும் உணவு விளைவிப்பு உத்தி ஒன்றை வெளியிட வேண்டும். எந்த நிலத்தில் பயிரிடலாம் என்று அதில் குறிப்பிட வேண்டும். வறுமை மிகுந்த பகுதிகளுக்கு என்ன செய்யப்போகிறோம் என்றும் சொல்ல வேண்டும். கிளாஸ்கோ 2020-லும் எடின்பரோ 2021-லும் தங்கள் உத்திகளைக் கொண்டுவந்தன.

குழுக்களுக்கு இதைவிடக் கூர்மையான கருவி ஐந்தாம் பகுதியிலுள்ள சொத்து மாற்றக் கோரிக்கை. முறையாக அமைந்த சமூக அமைப்பு ஒன்று பொதுநிலத்தை விலைக்கோ குத்தகைக்கோ கேட்கலாம்; விலைக்குக் கேட்பதானால் அதில் குறைந்தது இருபது உறுப்பினர் இருக்க வேண்டும். கவுன்சிலிடம் மட்டுமல்ல, சுகாதார வாரியங்களிடமும் கேட்கலாம் என்பதால் மருத்துவமனை வளாகத்தின் புல்வெளிகூடக் கணக்கில் வருகிறது. தங்களிடம் என்னென்ன சொத்து உள்ளது என்ற பதிவேட்டை இந்த அமைப்புகள் வெளியிட்டாக வேண்டும்; குழுவின் வேலை அந்தப் பதிவேட்டில்தான் தொடங்குகிறது. ஏற்கெனவே விற்பனைக்கு அறிவிக்கப்படாத நிலத்தைக் கேட்டுவிட்டால், முடிவு தெரியும்வரை அதை வேறொருவருக்கு விற்க முடியாது. மறுக்க நியாயமான காரணம் இல்லையென்றால் கோரிக்கையை ஏற்க வேண்டும் என்பது சட்டத்தின் விதி. மறுத்தால் மேல்முறையீட்டுக்கு வழியுண்டு; கவுன்சில் என்றால் முதலில் அதன் மறுஆய்வு, பிறகு அமைச்சர்கள்.

மூன்றாம் பகுதியின் பங்கேற்புக் கோரிக்கை இதற்கு முந்தைய படி. நிலம் கேட்குமளவு வளராத குழுவும் ‘இந்த வட்டாரத்தில் காய்கறி கிடைப்பதை மேம்படுத்துவதில் எங்களையும் சேர்த்துப் பேசுங்கள்’ என்று எழுதலாம். இங்கும் மறுப்பதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். பேச்சின் முடிவில் என்ன நடந்தது என்ற அறிக்கையும் வெளிவர வேண்டும். ஆனால் இதில் மேல்முறையீடு கிடையாது. இது சிறிய குறை அன்று. மறுப்பை எதிர்த்துப் போக வழியில்லாத இடத்தில், காரணம் காட்டும் கடமை வெறும் சம்பிரதாயமாகிவிடும் அபாயம் உண்டு.

அலாட்மென்ட் பகுதி எப்படிச் செயல்படுகிறது என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் உள்ளாட்சிக் குழு 2022-இல் விசாரித்தது. எடின்பரோ போன்ற நகரங்களில் காத்திருப்போர் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ‘நியாயமான நடவடிக்கைகள்’ என்ற சொற்களுக்குள் பணமின்மை, ஆளின்மை, நிலமின்மை எல்லாம் ஒளிந்துகொள்ள முடிகிறது. தொழிற்சாலை நின்ற மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இருந்தால் மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து உயர்பாத்தி கட்ட வேண்டும். தண்ணீர்க் குழாய் போட வேண்டும். படிவம் நிரப்பத் தெரிந்தவர்களும் கைக்காசு உள்ளவர்களும் நிறைந்த வட்டாரம் இதையெல்லாம் தாண்டிவிடும். உணவு வங்கி வாசலில் நிற்போர் வாழும் வட்டாரம்தான் திணறும். சட்டம் யாரை முதலில் நினைத்து எழுதப்பட்டதோ அவர்களே கடைசியில் நிற்பது, என் பார்வையில், இச்சட்டத்தின் மிகப் பெரிய தோல்வி. குழு அமைக்கவும் விண்ணப்பம் எழுதவும் உதவும் ஊதியப் பணியாளர்களைக் கவுன்சில்கள் அத்தகைய வட்டாரங்களில் அமர்த்தாதவரை இது மாறாது.

2022-இலேயே வந்த நல்லுணவு நாடு சட்டம் அரசும் கவுன்சில்களும் சுகாதார வாரியங்களும் உணவுத் திட்டங்கள் வகுக்க வேண்டும் என்கிறது. வரைவுகள் மக்களின் கருத்துக்கு வரும். குறிப்பிட்ட வீதியின் குறிப்பிட்ட வெற்றிடம் விளைநிலமாக வேண்டும் என்று அந்த வரைவில் எழுத வைக்கும் குழு, பின்னாளில் சொத்து மாற்றக் கோரிக்கையோடு போகும்போது அத்திட்டத்தையே சான்றாகக் காட்டலாம். தன் திட்டத்திலேயே ஒப்புக்கொண்ட நிலத்தை மறுப்பதற்குக் கவுன்சில் நியாயமான காரணம் காட்டுவது கடினம்.