ஆயுளா, அன்றாடமா: முற்றிய நுரையீரல் புற்றுநோயில் நோய்த்தணிப்புச் சிகிச்சையின் இடமாற்றம்

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் டெமலும் அவருடைய குழுவினரும் நடத்தி, 2010இல் வெளியிட்ட ஆய்வை மருத்துவ உலகம் ஓர் எண்ணிக்கையால்தான் நினைவு வைத்திருக்கிறது. நோய் உறுதியான சில வாரங்களிலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சை தொடங்கப்பட்டவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். ஆனால் அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வி ஆயுளைப் பற்றியதே இல்லை. பன்னிரண்டாம் வாரத்தில் நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதே அது. சிகிச்சையின் வரலாற்றைத் திருப்பியது இந்தக் கேள்விதான் என்றும், ஆயுள் கணக்குக்குக் கிடைத்த புகழ் அதை மறைத்துவிட்டது என்றும் கருதுகிறேன்.

அதுவரை நோய்த்தணிப்பைக் கடைசிக் கட்டத்துக்கே ஒதுக்கி வந்தார்கள்; அதற்கு மருத்துவம் மட்டும் காரணமில்லை. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லத்தை) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி வந்த பிறகு ஓடிப்போய் ஊசி போடுவதை விட்டு, வலி தலைதூக்கும் முன்பே மணிக்கணக்குப்படி மார்பின் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். 1975இல் பால்ஃபோர் மவுண்ட் மாண்ட்ரியலின் ராயல் விக்டோரியா மருத்துவமனைக்குள்ளேயே இதற்கென ஒரு பிரிவைத் திறந்தார். அதாவது, பெருமருத்துவமனையின் கூரைக்குள் இதற்கு அப்போதே இடம் கிடைத்திருந்தது. அமெரிக்காவிலோ 1982இல் மெடிகேர் காப்பீடு ஹாஸ்பிஸ் செலவை ஏற்றபோது, ஆயுள் ஆறு மாதத்துக்கு மேல் நீளாது என மருத்துவர் சான்றளிக்கவும், நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையை நோயாளி கைவிடவும் வேண்டியிருந்தது. இதுவா அதுவா என்ற பிரிவினையைக் கட்டிலருகே கொண்டுவந்தது காப்பீட்டுப் படிவம்.

டெமல் குழு அந்தப் பிரிவினையைச் சோதனைக்கு உட்படுத்தியது. ஆய்வில் 151 பேர்; எல்லோருக்கும் பரவிய நிலையில் இருந்த, சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோய். கீமோதெரபி இரு தரப்புக்கும் உண்டு. அளவுகோல் ஒரு வினாத்தாள்: மூச்சுவிடச் சிரமமா, இருமலா, நெஞ்சு இறுக்கமா, எடை குறைகிறதா, பசி எடுக்கிறதா என்று கேட்பதோடு, மனநிலை, குடும்பத்தின் துணை, அன்றாட வேலை ஆகியவற்றையும் விசாரிக்கும். மொத்த மதிப்பெண் 136. நோய்த்தணிப்பு பெற்றவர்களின் சராசரி 98.0, மற்றவர்களுடையது 91.5. மனச்சோர்வின் அறிகுறிகள் முன்னவர்களில் 16 சதவீதத்தினருக்கும் பின்னவர்களில் 38 சதவீதத்தினருக்கும் இருந்தன.

நோயாளி தானே போடும் மதிப்பெண்ணை எப்படி நம்புவது என்று கேட்கலாம். மூச்சுத் திணறலுக்கு அதை அனுபவிப்பவரைவிட நம்பகமான சாட்சி யார்? ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தும் மூச்சு முட்டுவதாகச் சொல்லும் நோயாளிகளை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். மேலும், நோய்த்தணிப்பு பெற்றவர்களிடையே மரணத்தை ஒட்டிய தீவிரச் சிகிச்சை குறைந்திருந்தது (33 சதவீதம், எதிர்த்தரப்பில் 54). இது மதிப்பெண்ணைச் சாராத சான்று. ஒரே மருத்துவமனை, சிறிய எண்ணிக்கை என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஆயுள் நீண்டது என்ற முடிவை அது உண்மையிலேயே பலவீனப்படுத்துகிறது. அதன்மீது மட்டும் கொள்கை கட்டுவது ஆபத்து. மார்பின் எளிதில் கிடைக்கும் நாட்டின் முடிவு இது என்பதும் நியாயமான எச்சரிக்கை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மருத்துவத் தேவைக்கான மார்பினையும் எட்டாக்கனியாக்கியது. 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் 1993இலேயே கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், பணக்கார மருத்துவமனை இல்லாமலும் இப்பணி நடக்கும் என்று காட்டியிருந்தது.

2024இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முடிவை அளந்த அதே வினாத்தாள் சிகிச்சையையே வழிநடத்தும் கருவியாக மாறியது. முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 507 பேரில் ஒரு பிரிவினருக்கு நோய்த்தணிப்பு மருத்துவர்களுடன் மாதந்தோறும் சந்திப்பு இல்லை. தொடக்கச் சந்திப்புக்குப் பின், சிகிச்சை மாறும்போதும், மருத்துவமனையில் சேர்ந்து திரும்பிய பின்னும் மட்டுமே சந்திப்பு. மதிப்பெண் 10 குறைந்தால்தான் சந்திப்புகள் கூடும். இருபத்து நான்கு வாரங்களில் சராசரிச் சந்திப்பு 4.7இலிருந்து 2.4 ஆகக் குறைந்தும் வாழ்க்கைத்தரம் தாழவில்லை. நோய்த்தணிப்பு மருத்துவர்கள் போதாத எந்த நாட்டுக்கும் இது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பிரிவினர் ஹாஸ்பிஸில் கழித்த நாட்கள் சராசரியாக 19.5 மட்டுமே, வழக்கமான சந்திப்பு பெற்றவர்களுக்கு 34.6. கடைசி வாரங்களை எங்கே கழிப்பது என்ற பேச்சுக்கு மதிப்பெண் சரியும்வரை காத்திருக்க முடியாது என்றே இதை நான் வாசிக்கிறேன்.