வாங்கிய குதிரையும் பழக்கிய குதிரையும்

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...



மனிதன் பொழுதுபோக்காகச் செய்கின்றவற்றுள் பெரும்பாலானவை வீண். ஆனால் மூன்று விளையாட்டுகள் அந்தக் கணக்கில் சேராதவை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக உக்பா பின் ஆமிர் (ரளி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அம்பெய்து பழகுதல், தன் குதிரையைப் பழக்குதல், தன் இல்லாளோடு விளையாடி மகிழ்தல் ஆகியவையே அம்மூன்றும். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இதைப் படிக்கின்ற விம்கோ நகர்வாசி ஒருவர், "எங்களுக்கும் குதிரைக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமது பகுதிக்குப் பெயர் தந்ததே ஒரு தீப்பெட்டி ஆலை. நமது சாலைகளில் ஓடுவன கண்டெய்னர் லாரிகள். 2021-ஆம் ஆண்டு முதல் மெட்ரோ ரயிலும் நம் வாசலுக்கு வந்துவிட்டது. குதிரையைக் கண்ணால் காண்பதே அரிது.

ஆயினும் குதிரையையும் குடும்பத்தையும் ஒரே சொல்லில் ஏன் சேர்த்தார்கள் நமது தலைவர் (ஸல்) அவர்கள்? இதற்கான விளக்கம் நம்முடைய தமிழ்க் கடற்கரையின் வரலாற்றிலேயே இருக்கின்றது. அதைச் சற்றுப் பொறுமையோடு பார்ப்போம்.

கடல் வழியே வந்த குதிரைகள்

தமிழகத்திற்குக் குதிரைகள் கப்பலில் வந்திறங்கியது மிகப் பழைய செய்தி. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கடல் வழியே வந்த குதிரைகள் நின்றதைச் சங்க நூலான பட்டினப்பாலையே குறிப்பிடுகின்றது. நம் மண்ணின் வெப்பமும் ஈரமும் நல்ல சாதிக் குதிரைகளின் இனப்பெருக்கத்துக்கு ஏற்றவை அல்ல. எனவே படை நடத்திய மன்னர்கள் கடலை நம்பியே இருந்தார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வாணிபம் உச்சத்தை அடைந்தது. தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் இருந்த காயல் துறைமுகத்திற்கு ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய ஊர்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. அரபியர் இக்கரையை 'மஅபர்' என்று அழைத்தார்கள். கீஷ் தீவின் பெருவணிகரான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இவ்வாணிபத்தை நடத்தினார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், சுந்தர பாண்டியரிடம் அமைச்சர் பொறுப்பில் இருந்து காயலையும் பிற துறைமுகங்களையும் கவனித்துவந்தார். ஒரு முஸ்லிமை நம்பித் தம் துறைமுகங்களையே ஒப்படைத்த பாண்டியரின் பெருந்தன்மையும், அந்த நம்பிக்கைக்கு உரியவராக நம் முன்னோர் நடந்துகொண்டதும் நாம் நினைவிற்கொள்ள வேண்டியவை. தமிழ் முஸ்லிம்களில் ஒரு பெரும் பிரிவினர் தாங்கியுள்ள 'ராவுத்தர்' என்னும் பெயரும் குதிரை வீரர் என்னும் பொருளுடையதே.

இவ்வாணிபத்தின் அளவை, 1300-ஆம் ஆண்டையொட்டி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தருகின்றார். ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்புவதாக ஜமாலுத்தீன் ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். வழியிலே இறந்துபோன குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து மஅபர், கம்பாயத்து முதலிய துறைமுகங்களுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் வரை ஏற்றுமதியாயின என்றும், அவற்றின் மொத்த விலை 22 இலட்சம் தீனார் என்றும் அவர் எழுதுகின்றார்.

ஆண்டுதோறும் ஏன் வாங்கினார்கள்?

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். நன்கு பராமரிக்கப்படும் குதிரை இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அப்படியிருக்க, ஆண்டுக்கு ஆண்டு ஆயிரக்கணக்கில் வாங்க வேண்டிய தேவை எப்படி வந்தது?

ஏறத்தாழ அதே காலத்தில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ இதற்கு விடை சொல்கின்றார். மன்னர் ஓராண்டில் 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவார். ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட எஞ்சாது. காரணம், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லை. வெளியூர்ப் பயணியின் கூற்றில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனால் வஸ்ஸாஃபும் ஏறக்குறைய இதையே சொல்கின்றார். வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையையும், வெண்ணெயிட்டு வேகவைத்த தானியத்தையும் ஊட்டி, காய்ச்சிய பசும்பாலையும் புகட்டினார்கள். நாற்பது நாட்கள் முளையிலே கட்டிவைத்துக் கொழுக்க வைத்தார்கள். பிறகு எவ்விதப் பயிற்சியும் கொடுக்காமல், அங்கவடி முதலிய சாதனங்களும் இல்லாமல், வீரர்கள் அவற்றின்மீதேறிப் பேய் பிடித்தாற்போல் விரட்டினார்கள். மிக வலிமையான குதிரையும் சில நாட்களில் தளர்ந்து பயனற்றுப் போயிற்று.

அன்பர்களே, கவனியுங்கள்! அவர்கள் குதிரையை வெறுத்தவர்கள் அல்லர். பொன்னைக் கொட்டி வாங்கினார்கள். வெண்ணெயும் பாலும் ஊட்டினார்கள். பாசத்திற்கும் செலவிற்கும் குறைவில்லை. பழக்குவதற்கான பொறுமையும் அறிவும் மட்டுமே இல்லை.

மதீனாவின் நாற்பது நாட்கள்

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று மதீனாவில் இருந்தது. அரபியரிடம் 'இள்மார்' என்னும் பயிற்சி முறை உண்டு. குதிரைக்கு முதலில் நிறையத் தீனி கொடுத்து வலுவூட்டுவார்கள். பிறகு தீனியைப் படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கச் செய்வார்கள். ஊளைச்சதை கரைந்து உடல் இறுகும். எவ்வளவு தூரம் ஓடினாலும் இளைக்காது. இதற்கு ஆகும் காலம் நாற்பது நாட்கள் என்று அரபு மொழி அகராதி ஆசிரியர் ஜவ்ஹரீ குறிப்பிடுகின்றார். காயலிலும் நாற்பது நாட்கள். அங்கும் நாற்பது நாட்கள். ஒன்று கொழுக்க வைத்தது, மற்றொன்று உருவாக்கியது.

நபி (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்தைப் பற்றி இப்னு உமர் (ரளி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இவ்வாறு பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, அதாவது ஐந்தாறு மைல் தூரம். பழக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ ஒரு மைல் தூரமே. எந்த உயிரிடமும் அதன் பயிற்சிக்கு மீறிய ஓட்டத்தை எதிர்பார்க்கக் கூடாது என்ற பேரறிவு இந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கின்றது. நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை எதிர்பார்க்கும் பெற்றோர் இதைச் சிந்திக்கட்டும்!

குதிரையைப் பேணும் இக்கலை முஸ்லிம் உலகில் பெரிய அறிவுத்துறையாகவே வளர்ந்தது. காயலில் குதிரை வாணிபம் நடந்ததற்கு அடுத்த தலைமுறையில், கெய்ரோவில் சுல்தான் நாஸிர் முஹம்மதின் குதிரை மருத்துவரான அபூபக்ர் இப்னுல் முன்திர் குதிரை வளர்ப்பையும் மருத்துவத்தையும் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதினார். அறிவு இருந்தது, அது குதிரையோடு கப்பலேறி வரவில்லை.

ஏன் வரவில்லை? இங்கே நம்மை உறுத்துகின்ற செய்தி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குதிரை மருத்துவர்கள் மஅபருக்குப் போய்விடாமல் வணிகர்களே தடுத்தார்கள்; குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்க முடியும் என்று மார்க்கோ போலோ எழுதுகின்றார். இது உண்மையானால், விற்றவர்கள் நம்மவர்கள் என்பதற்காக நாம் அதை நியாயப்படுத்த முடியாது. வாயில்லாப் பிராணியின் பசிக்கும் நோய்க்கும் மறுமையில் விசாரணை உண்டு என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது.

வீட்டுக்குள் ஒரு குதிரை

இனி, அந்த நபிமொழியின் மற்றொரு பகுதிக்கு வருவோம். இல்லத்தாரோடு விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் சொல்லோடு நிறுத்தவில்லை. ஒரு போரிலிருந்து வீடு திரும்பிய வேளையில் காற்று திரையை விலக்கியது. அன்னை ஆயிஷா (ரளி) அவர்களின் பொம்மைகள் தெரிந்தன. நடுவிலே துணியால் செய்த இறக்கைகளுடன் ஒரு குதிரைப் பொம்மை. குதிரைக்கு இறக்கையா என்று அவர்கள் வியந்து கேட்க, நபி சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் பதில் கேள்வி கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள். இது அபூதாவூதில் உள்ள செய்தி.

பயணக் களைப்போடு வந்த தலைவர். ஒரு நாட்டின் பொறுப்பு முழுவதும் அவர்கள் தோளில். ஆயினும் ஒரு துணிப் பொம்மையைப் பற்றிக் கேள்வி கேட்கவும், பதிலைக் காதுகொடுத்துக் கேட்கவும், மனம்விட்டுச் சிரிக்கவும் அவர்களுக்கு நேரம் இருந்தது.

பிறிதொரு நாள் தொழுகையில் அவர்களின் ஸஜ்தா வெகுநேரம் நீண்டது. காரணம் கேட்ட தோழர்களிடம், தம் பேரப்பிள்ளை தம்மை வாகனமாக்கி முதுகில் ஏறிக்கொண்டதாகவும், அவனுடைய ஆசை தீருமுன் அவசரப்படுத்தத் தமக்கு விருப்பமில்லை என்றும் கூறினார்கள். நஸாயீயில் இது பதிவாகியுள்ளது. குதிரையைப் பழக்கச் சொன்ன திருநபியே குழந்தைக்குக் குதிரையாகவும் இருந்தார்கள்!

இப்போது விளங்குகின்றதா, குதிரையும் குடும்பமும் ஏன் ஒரே நபிமொழியில் இடம்பெற்றன என்று? இரண்டும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த உயிருள்ள அமானிதங்கள். இரண்டையும் பணம் கொடுத்துப் பழக்க முடியாது. நாள்தோறும் அருகில் நின்று, நேரம் கொடுத்தே பழக்க முடியும்.

நமது லாயங்கள்

நம் பகுதியின் நிலையை எண்ணிப் பாருங்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் மூன்று ஷிப்டு வேலை. தந்தை வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்குகின்றார்கள். பிள்ளைகள் விழிக்கும்போது தந்தை உறங்குகின்றார். இந்தக் குறையை ஈடுகட்ட நாம் வாங்கிக் கொடுக்கின்றோம். அழுத குழந்தைக்குக் கைப்பேசி. அடம்பிடித்த மகனுக்கு மோட்டார் சைக்கிள். வெண்ணெயிட்ட தானியத்தை ஊட்டி முளையில் கட்டிவைத்த கதைதான் இது.

1950-களிலிருந்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் தயாரான ஊர் நமது திருவொற்றியூர். எஞ்சினின் வலிமையை இன்றும் 'குதிரைத் திறன்' என்றே அளக்கின்றோம். இன்றைய 350 சிசி என்ஃபீல்டு வண்டிக்கு ஏறத்தாழ 20 குதிரைத் திறன் உண்டு. பழகாத இளைஞனை இருபது குதிரைகளின்மீது ஏற்றி, கண்டெய்னர் லாரிகள் விரையும் எண்ணூர் விரைவுச் சாலைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் தாய் தஸ்பீஹை உருட்டிக்கொண்டு காத்திருக்கின்றாள். வஸ்ஸாஃப் எழுதிய அந்தப் பேய் ஓட்டத்தை நம் சாலையிலேயே காண்கின்றோம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டி விபத்து நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். உலகச் சட்டமே பெற்றோரைக் கேட்கின்றது. மறுமையில் கேட்காமல் விடப்படுமா?

குதிரை என்றதும் சென்னைவாசிகளுக்குக் கிண்டி ரேஸ் நினைவுக்கு வரும். ஓட்டம் கூடும், அதன்மீது கட்டும் சூதாட்டப் பணம் ஹராம். எத்தனையோ கூலித் தொழிலாளர்களின் வாரச் சம்பளம் அங்கே கரைந்தது. இன்று அதே சூது கைப்பேசிக்குள் புகுந்து வீட்டுக் கூடத்திற்கே வந்துவிட்டது. குடும்ப விளையாட்டு இல்லாத வீட்டில் அந்த இடத்தைச் சூது பிடித்துக்கொள்கின்றது என்பதை மறவாதீர்!

ஓர் ஆட்டோ ஓட்டுநரின் பாடம்

"ஏழைக்கு ஏது பொழுதுபோக்கு?" என்று சொல்லாதீர்கள். நமது வடசென்னையின் தெருத்தோறும் கேரம் போர்டு உண்டு. இங்கே ஓர் ஆட்டோ ஓட்டுநர், ஓய்வு நேரங்களில் பிள்ளைகளுக்குக் கேரம் கற்றுக்கொடுத்துவந்தார். சிறுவயது முதல் அவரிடம் பயின்ற அவருடைய மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த ஆறாவது உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்று வந்தார்.

எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வாங்க வேண்டும் என்பது நம் கருத்தல்ல. அந்தத் தந்தை மகளுக்குக் கொடுத்தது விலையுயர்ந்த பொருள் அன்று, தம் நேரம். பதக்கம் கிடைக்காது போயிருந்தாலும் பலகையைச் சுற்றி அமர்ந்த அந்த மாலைகள் வீணாகியிருக்கமாட்டா.

எனவே சகோதரர்களே! எந்த ஷிப்டு வேலையாயினும் நாளில் கால் மணி நேரத்தை வீட்டாருக்கென ஒதுக்குங்கள். சூதும், தொழுகை தவறுதலும் இல்லாத எந்த விளையாட்டும் போதும். கேரம் பலகை, மாடியில் ஒரு பந்து, மனைவியோடு ஒரு நடை. மகன் வண்டி கேட்டால், சாவியைக் கொடுக்குமுன் பல வாரங்கள் பின்னால் அமர்ந்து அவனைப் பழக்குங்கள். தாய்மார்களே! கணவர் வீட்டிலிருக்கும் சிறுபொழுதில் தொலைக்காட்சியை அணைத்து, பிள்ளைகளை அவர் அருகில் அமரச் செய்யுங்கள்.

காயலில் இறங்கிய அந்தக் குதிரைகள் ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தீனார் கொடுக்கப்பட்டது. போனால் வேறு வாங்கிக்கொண்டார்கள். நம் பிள்ளைகளுக்கு மாற்று வாங்கும் சந்தை எங்கும் இல்லை.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைக் கண்குளிர்ச்சி தரும் இல்லங்களாக ஆக்குவானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பொறுமையோடு பேணி வளர்க்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.