நம்முடைய மார்கழிப் பாட்டு எது?

நவம்பர் கடைசி வாரம் எங்கள் படிப்பு வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் கல்லூரிப் படிப்பை முடித்த தம்பி ஒருவர். ஏழு பேர் சேர்ந்து சொந்தக் காசில் நடத்தும் சிறிய இசைக்குழுவில் பறை அடிக்கிறார். குழுவின் நிகழ்ச்சிகளை வரிசையாகப் போட்டிருந்தார்: டிசம்பர் 6 அம்பேத்கர் நினைவு நாள், 24 இரவு ஒரு சேரித் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ், 25 வெண்மணி நினைவேந்தல். கீழே ஒரு வேண்டுகோள்: "தோழர்களே, மார்கழிக்கு உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு சொல்லுங்க. எங்க லிஸ்ட்ல சேர்த்துக்கிறோம்."

முதலில் வந்த பதில் இது: "மார்கழின்னா சபா கச்சேரியும் திருப்பாவையும்தானே? நமக்கு ஏது மார்கழிப் பாட்டு?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சமூகவியல் படித்த, களத்தில் நிற்கிற தோழர்கள் சிலருக்கும் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நமக்கு மார்கழிப் பாட்டு உண்டு. அவற்றுக்குத் தேதியும் வரலாறும் உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

1927 டிசம்பரில் தொடங்குவோம். அந்த மாதக் கடைசியில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியது. அதையொட்டி அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி தொடங்கப்பட்டது. கோர்ட்டும் ஆபீசும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூடிக் கிடக்கும் நாட்கள் வக்கீல்களுக்கும் அதிகாரிகளுக்கும் கச்சேரி கேட்க வசதியாக இருந்தன. இன்று நாம் 'டிசம்பர் சீசன்' என்று சொல்வது அப்படி வளர்ந்ததுதான். அது ஆதியிலிருந்தே இருந்த வழக்கம் இல்லை. நூறு ஆண்டுகூட ஆகவில்லை. குறிப்பிட்ட சிலர், தங்களுக்கு வசதியான நாட்களில், தங்களுக்குப் பிடித்த இசைக்காக அமைத்துக்கொண்ட பருவம் அது.

அதே 1927, அதே டிசம்பர். 25ஆம் தேதி, இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள மகாடில் அண்ணல் அம்பேத்கரும் தோழர்களும் மனுஸ்மிருதியை எரித்தார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்ததற்காகத் தாக்கப்பட்ட மக்கள், மறுபடியும் அதே ஊரில் கூடியபோது நடந்தது அது. ஒரே மாதத்தில் ஒரு பக்கம் இசையின் இலக்கணம் பேசப்பட்டது. இன்னொரு பக்கம் சாதியின் இலக்கணம் எரிக்கப்பட்டது. நம் பாடப்புத்தகங்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதில்லை.

சபா மேடை வளர்ந்தபோது அதற்கு எதிர்ப்பும் வந்தது. 1940களில் தமிழிசை இயக்கம் 'தமிழில் பாடு' என்று கேட்டது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. அது நியாயமான போராட்டம். ஆனால் அது பாட்டின் மொழிக்கான போராட்டம். வாத்தியத்தின் மீது சுமத்தப்பட்ட சாதிக்கு எதிரான போராட்டம் அல்ல. பறை தெருவிலேயே நின்றது. இழவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போக வேண்டிய கருவியாகவே வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த தேதி நமக்கு மனப்பாடம். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும் அவர்கள் செய்த 'குற்றம்'. கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது.

நீதிமன்றம் கைவிட்ட நினைவைப் பாட்டு சுமந்தது. கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' வெண்மணியின் நினைவிலிருந்து பிரிக்க முடியாத பாட்டாகிவிட்டது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைச் சீமையில் பிறந்தவர், நாட்டுப்புறவியல் ஆய்வாளர், 'வடு' என்ற தன்வரலாற்றை எழுதியவர். அவருடைய 'தன்னானே' கலைக்குழுவுக்கு சபா கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. கல்லூரி வாசல், இயக்க மாநாடு, கலை இரவு மேடை ஆகியவைதான் அரங்கம். அந்தக் காலத்தில் ஒரு குழுவின் நிகழ்ச்சிச் செய்தி நோட்டீசிலும் சுவரெழுத்திலும்தான் வரும். பாட்டு கேசட்டில் பரவும். ஒரு கேசட்டைப் பத்துப் பேர் கைமாற்றிக் கேட்பார்கள். குணசேகரன் 2016 ஜனவரியில் மறைந்தார். இன்குலாப் அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி மறைந்தார். இப்போது அந்தப் பாட்டை செல்பேசியில் கேட்கிற தம்பி தங்கைகள் பலருக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரியாது. இது எங்களுக்கு உறுத்துகிறது.

தேவாலயத்துக்கு வருவோம். சேரியில் கிறிஸ்துமஸ் என்றால் விடிய விடியப் பாட்டுதான். ஆனால் கோயிலுக்குள் பாடப்பட்டவை பெரும்பாலும் ஐரோப்பிய மெட்டில் அமைந்த பாமாலைகளும் கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனைகளும்தான். மதம் மாறியும் மெட்டு மாறவில்லை. இதைக் கேள்வி கேட்டவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு. 'பரட்டை அண்ணன்' என்றால்தான் பலருக்குத் தெரியும். வழிபாட்டையே நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் அமைத்தார். ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து உண்பதை இறையியலாகப் பேசினார். அவர் சொன்ன முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர் தன் ஊருக்கும் தன் துயரத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அதனால் அது ஒடுக்கப்பட்டவர் கையில் இருக்கும் என்றார். 2005இல் அவர் மறைந்தார். டிசம்பர் 24 இரவு நம் தம்பி பறையோடு தேவாலயத்துக்குள் போகிறார் என்றால், அந்த வாசலைத் திறக்க உழைத்தவர்களில் பரட்டை அண்ணன் முக்கியமானவர்.

ஆனால் பறையைக் கையில் எடுப்பது பற்றி நமக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் போன்றவர்கள் 'பறையடிக்க மாட்டோம்' என்று மக்களைத் திரட்டினார்கள். அது சாதி சுமத்திய வேலை, கூலியில்லாத அடிமைத் தொழில், அதை விட்டொழித்தால்தான் விடுதலை என்றார்கள். அது சரியான போராட்டம். பின்னால் வந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்களே பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள். இழவு வீட்டில் ஆண்கள் மட்டும் அடித்த கருவி, பெண்கள் கையில் மேடை ஏறியது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நாங்கள் நினைக்கவில்லை. யாருக்காக அடிப்பது, எப்போது அடிப்பது என்பதை நாம் முடிவு செய்வோம் என்பதுதான் இரண்டிலும் உள்ள செய்தி.

2018 ஜனவரி 6, அதுவும் மார்கழிதான். சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறையாக மேடையேறியது. நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சியில், இசையமைப்பாளர் டென்மா ஒருங்கிணைத்த குழு. குழுவின் பெயருக்குப் பின்னால் 'சாதிபேதமற்றவர்கள்' என்று நம்மை அடையாளப்படுத்தச் சொன்ன அயோத்திதாசப் பண்டிதர் இருக்கிறார். கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. வடசென்னையில் இழவு வீட்டு இரவுகளில் ஆண்கள் பாடிவந்த கானாவை இசைவாணி என்ற பெண் அங்கே பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சபாக்களின் மாதம் என்று சொல்லப்பட்ட மாதத்திலேயே, அந்தப் பெயரைச் சொல்லியே, ஒப்பாரியும் கானாவும் பறையும் மேடையேறின.

ஆக, 'நமக்கு ஏது மார்கழிப் பாட்டு' என்று கேட்ட தோழருக்கு எங்கள் பதில் இதுதான். பருவம் வானத்திலிருந்து வருவதில்லை. யார் தொடர்ந்து கூடிப் பாடுகிறார்களோ அவர்கள் பெயரில் பருவம் அமைகிறது. நம் பருவம் நினைவு நாட்களால் ஆனது. அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் சொந்தக் காசில் வேன் பிடித்த சிறு குழுக்கள்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நினைவேந்தலுக்கு வெளியூர்க் குழு ஒன்றை அழைத்தோம். இரவு முழுவதும் அடித்தார்கள். மார்கழிப் பனியில் தோல் இளகிவிடும்; பாட்டுக்குப் பாட்டு வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். விடிந்ததும் ஆளுக்கொரு துண்டு போர்த்தி, சாப்பாடு போட்டு அனுப்பினோம். 'இயக்கத்துக்குத்தானே தோழர்' என்றோம். வேன் வாடகைக்கு அவர்கள் கடன் வாங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. ஊரார் இழவுக்கு அழைத்து நெல்லும் சாராயமும் கொடுத்து அனுப்பியதற்கும், நாங்கள் துண்டு போர்த்தி அனுப்பியதற்கும் என்ன வித்தியாசம்? கூலி கேட்டதற்காக உயிரைக் கொடுத்தவர்களின் நினைவு நாளில், கூலி தராமல் பறையடிக்க வைத்தோம். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அதன் பிறகு குழுவுக்கான தொகையை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் நோட்டீஸ் அச்சடிக்கிறோம்.

தம்பியின் லிஸ்டுக்கு நாங்கள் சொன்னது: 25ஆம் தேதிக்கு 'மனுசங்கடா'. பாடும் முன் இன்குலாப் பெயரையும் குணசேகரன் பெயரையும் சொல்ல வேண்டும். 24 இரவுக்குப் பரட்டை அண்ணன் பாட்டு ஒன்று, உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றி. மூன்றாவதாக, உங்கள் தெருவில் ஒப்பாரி பாடும் அம்மா ஒருவரிடம் கேட்டு வாங்கிய பாட்டு. அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதி வையுங்கள், அவரையும் மேடைக்கு அழைத்து வாருங்கள், அவருக்கும் பங்கு கொடுங்கள்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த மார்கழியில் உங்கள் பகுதியில் இருக்கும் ஒரு சிறு குழுவின் நிகழ்ச்சிச் செய்தி வந்தால், அதைப் பகிர்வதோடு நிற்காதீர்கள். நேரில் போங்கள். வைக்கோல் எடுத்துக் கொடுங்கள். செலவு எவ்வளவு என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.